உடைமைப்பூச்சி

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவும் நானும் நலம். நீங்களும் அண்ணியும் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். கடிதத்தை முடிக்கும்போது இந்த வரியை எழுத எனக்கு மனம் வராமல் போகக்கூடும். அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

நீங்கள் அனுப்பிய ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வந்து சேர்ந்தது. அம்மா தனக்குப் பார்த்துக்கொள்வதைவிட வருவோர் போவோருக்குப் பார்ப்பதுதான் அதிகம். தபால்காரரைக்கூட விடவில்லை. "கொஞ்சம் ஏறியிருக்குப்பா, உப்பைக் குறைச்சுக்க" என்று சொல்லி அனுப்பினார். முழங்கால் வலி படி ஏறும்போது மட்டும்தான். சமையலறைக் குழாய் ஒழுகியதைச் சரிசெய்தாகிவிட்டது. நல்ல செய்திகள் இவ்வளவுதான்.

போனில் சொல்லக்கூடாதா என்பீர்கள். போன் மணி அடித்தால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுவிடுவார். நீங்களும் "சரி சரி, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவீர்கள். எனக்கோ கோபம் வந்தால் வாய் அடைத்துக்கொள்ளும். எழுதத்தான் வரும்.

விஷயம் இதுதான். அருங்காட்சியகத்துக்காக அம்மா சொன்ன கதையிலிருந்து அம்மாவின் குரலை எடுத்துவிடச் சொன்னது நீங்கள் என்று நம் சங்கத் தலைவர் சொன்னார். நம்பவில்லை. அவர் தன் போனில் உங்கள் செய்தியை எடுத்துக் காட்டினார். அதற்குப் பிறகு நம்பாமல் இருக்க வழி இல்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். அரைகுறையாகக் கேட்டுத்தான் நீங்கள் இப்படி ஒரு முடிவெடுத்தீர்கள் என்று நினைக்கவே எனக்கு ஆசை.

நகர அருங்காட்சியகத்தில் நம் மக்களுக்கென்று ஓர் அறை ஒதுக்கினார்கள். பிழைப்புத் தேடி வந்து, சலவை ஆலைக்குப் பின்னால் வரிசை வீடுகளில் குடியிருந்து, இந்த நகரத்து ஓட்டல்களின் விரிப்புகளையும் ஆஸ்பத்திரிகளின் போர்வைகளையும் ஒரு தலைமுறைக் காலம் வெளுத்துக்கொடுத்தவர்கள் நாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க நம்மிடம் வாளும் கிரீடமுமா இருக்கின்றன? வாய்தான் இருக்கிறது. அதனால் சங்கத்தில் எல்லோரும் கூடி ஒரு முடிவுக்கு வந்தோம். சுவர் முழுக்கப் பழைய தொலைபேசி ரிசீவர்களை மாட்டிவைப்பது, எடுத்துக் காதில் வைத்தால் ஒவ்வொன்றிலும் ஒருவர் தன் கதையைச் சொல்வார். "அவரவர் கதை அவரவர் குரலில்" என்று தீர்மானத்தை எழுதியது நான். கையெழுத்துப் போட்டவர்களில் புலவரும் ஒருவர். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் றகரத்துக்காக உங்கள் காதைத் திருகினாரே, அவர்தான்.

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை முடிந்த பிறகு மாலைகளில் வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்தேன். போனை எதிரில் வைத்ததும் சிலர் மந்திரிக்கு மனுக் கொடுப்பதைப் போலப் பேசத் தொடங்கிவிடுவார்கள். பாய்லர் மாமா அவைவணக்கம் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. சலவை சோடா தொட்டியில் வேலை பார்த்த சோடா பெரியம்மாவோ, "எல்லாத்தையும் சொல்லிடவா, இல்ல குடும்பத்துக்கு ஆகற மாதிரி சொல்லவா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

அம்மாவைச் சம்மதிக்க வைப்பதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது. "என்கிட்ட என்னடி கதை? துவைச்சோம், காயப்போட்டோம், வந்தோம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவரை உட்காரவைத்துப் பேசவைக்க முடியாது. கையில் வேலை இருந்தால்தான் வாய் திறக்கும். ஒரு நாள் காய்ந்த விரிப்புகளை நானும் அவரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். கட்டில்மேல் போன் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது தானாகவே சொல்ல ஆரம்பித்தார். நான் இதற்குமுன் கேட்டிராத கதை. நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எனவே இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் அப்போது கைக்குழந்தை. அப்பா லாரியோடு போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஆலைக்குள் குழந்தையைக் கொண்டுவரக் கூடாது. ஒரு நாள் வராமல் இருந்தால் மறுநாள் அந்த இடத்தில் வேறொருத்தி நிற்பாள். அழுக்குத் துணி ஏற்றிய வண்டி கேட்டுக்கு வெளியே நிற்கும். பெண்கள் மூட்டைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். இந்த நகரத்தார் நம்மை மூட்டைக்காரங்க என்று சொல்வது அதனால்தான்.

அம்மா உங்களை அந்த மூட்டைக்குள் வைத்துத்தான் உள்ளே கொண்டுபோயிருக்கிறார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நீங்கள் தவழத் தொடங்கும்வரை. "ஆஸ்பத்திரி மூட்டையில வெக்க மாட்டோம், சீக்கு ஒட்டிக்கும். ஓட்டல் மூட்டைதான். அதுலயும் சோடா அக்கா மோந்து பாத்துத்தான் எடுத்துக் குடுப்பா. முடிச்ச லேசாத் தளர்த்தி, காத்துக்கு வழி விட்டு, நடுவுல உங்க அண்ணன். ராஜா கணக்கா தலைமேல போவான்" என்றார். உள்ளே தேய்ப்பு மேசைகளுக்குப் பின்னால் வெதுவெதுப்பான மூலை ஒன்று உண்டு. மூட்டையை அங்கே இறக்கிவைப்பார்களாம்.

அழுதால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "சிரிப்போம்" என்றார் அம்மா.

எனக்குப் புரியவில்லை. "ஆமாண்டி. அவன் வாயத் தொறந்தா, யார் கிட்டக்க இருக்காளோ அவ சிரிக்க ஆரம்பிப்பா. உடனே அத்தனை பேரும் பிடிச்சுக்குவோம். அத்தனை பொம்பளைங்க சேந்து சிரிச்சா மிஷின் சத்தமே கேக்காது, உன் அண்ணன் சத்தமா கேக்கும்? வீட்டுல அடி வாங்கிட்டு வந்தவளும் சிரிப்பா, புள்ளையப் பறிகொடுத்தவளும் சிரிப்பா. மொதல்ல பொய்யாத்தான் இருக்கும். அப்புறம் ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்து நெசமாவே வந்துடும்." சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொள்வாராம், இந்த மூட்டைக்காரிகளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று.

ஒரு நாள் அவர் அந்த மூலைக்கே வந்துவிட்டார். மூட்டை அசைகிறது. "ஏய், என்ன அசையுது அதுல?" என்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. வேலை போனால் வீடும் போகும், அந்த வரிசை வீடுகள் ஆலைக்குச் சொந்தமானவை. அப்போது சோடா பெரியம்மா கண்ணை இமைக்காமல் சொன்னாராம்: "மூட்டைப்பூச்சிங்க ஐயா. இந்த ஓட்டல்ல ரொம்பப் பெருத்துப் போச்சு." வெள்ளைப் பேண்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியவர், பிறகு அந்த மூலைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ஒரு மூட்டையையே அசைக்கிற பூச்சி உண்டா, அவர் எப்படி நம்பினார் என்று கேட்டேன். "சொறிய ஆரம்பிச்சவனுக்கு யோசிக்க நேரம் ஏதுடி?" என்றார் அம்மா.

அன்றிலிருந்து ஆலை முழுக்க உங்களுக்கு அதுதான் பெயர். "மூட்டைப்பூச்சி பால் குடிச்சானா?" "மூட்டைப்பூச்சிக்குப் பல்லு வந்துடுச்சாமே, இனி கடிப்பான்." இதைச் சொல்லும்போது அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்தான். விரிப்பின் முனை கை நழுவிப்போனது பதிவில் கேட்கிறது. பிறகு அம்மா நழுவிய முனையை எடுத்து உதறினார். "பள்ளிக்கூடத்துல பசங்க அதையே வெச்சுக் கேலி பண்ணிட்டாங்க. இனிமே அப்படிக் கூப்பிட்டா வீட்டுக்கே வர மாட்டேன்னுட்டான். பேர விட்டோம். பேர் போனதும் அந்தக் கதையும் பேச்சுல இல்லாமப் போச்சு" என்றார். அதுவும் பதிவில் இருக்கிறது.

இந்தப் பதிவை எழுத்தில் இறக்கிச் சங்கத்தில் கொடுத்தேன். திரும்பி வந்த படியைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூட்டை என்பது மரியாதைக் குறைவான சொல் என்று யாரோ முடிவு செய்து, "உடைமை" என்று போடச் சொல்லியிருக்கிறார்கள். தட்டச்சு செய்தவர் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றாமல் கணினியில் ஒரே தட்டில் அத்தனை மூட்டையையும் உடைமை ஆக்கிவிட்டார். "எங்களை உடைமைக்காரங்க என்று இழிவாகப் பேசினார்கள்" என்று ஒரு வரி. மாற்றுச் சேலை இல்லாமல் வந்தவர்களை ஒரே தட்டில் சொத்துக்காரர்களாக்கியாகிவிட்டது. அடுத்த பக்கத்தில் சோடா பெரியம்மா சூப்பர்வைசரிடம் சொல்கிறார்: "உடைமைப்பூச்சிங்க ஐயா." அச்சகத்தில் எத்தனையோ பிழைகளைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு பூச்சியைப் பார்த்ததில்லை. கைப்பிழை என்று நினைத்துச் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தேன். "பாத்துக்கலாம்மா" என்றார் தலைவர்.

எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது திறப்பு நாளில் தெரிந்தது.

அம்மா நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டார். சோடா பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டே வந்தார். சுவரில் அம்மாவின் பெயரைத் தேடினேன், இல்லை. "ஒரு தாயின் பயணம்" என்று ஒரு ரிசீவருக்கு மேலே எழுதியிருந்தது. அம்மா என்னவென்று கேட்பதற்காக அதை எடுத்துக் காதில் வைத்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். தன் குரலைக் கேட்டதும் வெட்கப்படுவார், பிறகு சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் முகம் மெல்ல மெல்ல வாடியது. கடைசிவரை கேட்டார். ரிசீவரை முந்தானையால் துடைத்து மாட்டினார். என் பக்கம் திரும்பி, "இந்த அம்மாவும் என்னை மாதிரியே புள்ளைய ஒளிச்சுக் கொண்டுபோயிருக்காங்கடி. பாவம், அவங்களுக்குக் கூடச் சிரிக்க ஒருத்தரும் இல்ல போலிருக்கு" என்றார்.

அண்ணா, தன் கதையையே யாரோ ஒருத்தியின் கதையாகக் கேட்டு, அந்த யாரோ ஒருத்திக்காக நம் அம்மா பரிதாபப்பட்டார்.

நான் அந்த ரிசீவரை வெடுக்கென்று எடுத்துக் காதில் வைத்தேன். பின்னால் வயலின் அழுகிறது. வானொலியில் செய்தி வாசிக்கும் குரல் ஒன்று, "கொடிய வறுமையிலும் தன் மகவை உடைமைகளுக்கிடையே மறைத்து" என்று வாசிக்கிறது. சிரிப்பு எங்குமே இல்லை. தேய்ப்பு மேசை இல்லை, மோந்து பார்த்த பெரியம்மா இல்லை. ஆனால் அந்தப் பூச்சியை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. அது அப்படியே தப்பிவிட்டது. அந்தச் செய்தித் தமிழில் அம்மாவுக்கு அதுவும் பிடிபடவில்லை. சோடா பெரியம்மா என் கையிலிருந்து வாங்கிக் கேட்டார். அந்த இடம் வந்ததும் அறையே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கத்தல்: "அடியே, இது நம்ம கதைடி! நான் சொன்னதுடி இது! உடைமைப்பூச்சியாம்ல? அது எங்கடி கடிக்கும், சொத்துப் பத்திரத்துலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. பேருந்தில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஏண்டி, நான் பேசினது நல்லா இல்லையா?" நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

மறுநாள் சங்கத்துக்குப் போனேன். புலவர், "துயரமான வரலாறும்மா. நடுநடுவுல சிரிக்கிறாங்க, கேக்கறவங்க தப்பா நினைப்பாங்களேன்னு பாத்தோம்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்று கேட்டேன். அப்போதுதான் தலைவர் போனை எடுத்தார். "உங்க அண்ணனைக் கேட்டாச்சும்மா. வீட்டுக்குப் பெரிய பிள்ளை அவருதானே. இன்டர்நெட்ல வேற வரப்போகுது, ஆபீஸ்ல பாப்பாங்க, அந்த வார்த்தை வேண்டாம், அம்மா குரலும் வேண்டாம், பேரும் போடாதீங்கன்னு அவரே எழுதியிருக்காரு பாருங்க" என்றார். கதைக்குச் சொந்தக்காரர் இரண்டு தெரு தள்ளித் தெம்பாக நடமாடிக்கொண்டிருக்கிறாரே, அவரை ஏன் கேட்கவில்லை என்றேன். "அவங்களுக்கு இதெல்லாம் என்னம்மா தெரியும்?" என்றார். நடந்தது முழுவதும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

தலைவரை விடுங்கள், அவர் ஊரார். நீங்கள் எத்தனை பக்கம் படித்தீர்கள்? முதல் பக்கத்தில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் மூடிவிட்டீர்கள், பதிவைக் கேட்கவே இல்லை, இல்லையா? கேட்டிருந்தால் இப்படி எழுத உங்களுக்குக் கை வந்திருக்காது என்று இன்னமும் நினைக்கிறேன்.

உங்களுக்கு வலித்தது பொய் என்று நான் சொல்லவில்லை. வகுப்பில் உங்கள் பெஞ்சில் யாரும் உட்கார மாட்டார்களாம், நீங்கள் கடந்து போனால் சொறிவதுபோல் நடிப்பார்களாம். அம்மா சொன்னார். நான் உங்களுக்கு மிகவும் பின்னால் பிறந்தவள், என் பள்ளிக்காலத்தில் நாம் வேறு வீட்டுக்கு வந்துவிட்டோம். அந்த வலியை அளக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் கேலி செய்த பிள்ளைகளைத் தண்டிக்க முடியாமல், உங்களைத் தலைமேல் வைத்துத் தூக்கிப்போனவரின் வாயை அடைப்பது என்ன நியாயம்?

போன வருடம் நீங்கள் இருக்கும் ஊரில் நம்மவர்கள் கூட்டத்தில் நீங்கள் பேசினீர்கள். "நம் அடையாளத்தை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசெல்வோம்" என்று முழங்கினீர்கள். அந்த வீடியோவை அம்மா தெருவில் ஒருவர் விடாமல் காட்டினார். பாதி புரியவில்லை என்றாலும், "என்னமா பேசுறான் பாரு" என்று பூரித்துப்போனார். அந்த அடையாளத்தில் அம்மாவின் தொண்டை சேராதா? மேடையில் பேசினால் பண்பாடு, அதையே அம்மா பேசினால் மானக்கேடா? ஊருக்குச் சொல்லும் உபதேசம் வீட்டு வாசலோடு நின்றுபோகுமா? பட்டு உடுத்துவதையும் பாட்டுப் பாடுவதையும் எல்லோரும் காப்பாற்றுவார்கள் அண்ணா, அதற்கு ஆள் பஞ்சமே இல்லை. நம் பெண்கள் ஒரு குழந்தையைக் காப்பாற்றச் சேர்ந்து சிரித்தார்கள் என்பதை நாம் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்?

இந்த மாதக் கடைசிவரை பதிவுகளை மாற்றலாம் என்று அருங்காட்சியகத்தில் சொன்னார்கள். அதற்குப் பிறகு மாற்ற மாட்டார்கள். நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும், அம்மா பேசியதை அப்படியே போட்டுவிடுவதாகத் தலைவர் சொல்கிறார். அம்மாவை நேரில் கூட்டிப்போய் நிறுத்தினாலும் காரியம் நடந்துவிடும், அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வேண்டாம் என்று சொன்னது யார் என்று அங்கே அம்மா கேட்பார். அந்தக் கேள்விக்குத் தலைவர் பதில் சொல்வதை நான் பக்கத்தில் நின்று பார்க்க விரும்பவில்லை. இதற்கு மேல் உங்களுக்காக என்னால் ஒன்றும் மறைக்க முடியாது.

பதிவை உங்கள் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். எழுதுவதற்கு முன்னால் அதை முழுவதும் கேளுங்கள். பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். அவனுக்குப் பல சொற்கள் புரியாது. தன் அப்பா ஒரு காலத்தில் எவ்வளவு சின்னவராக இருந்தார் என்பது புரியும்.

அம்மா இன்னமும் புலவர்தான் மாற்றினார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கடைத்தெருவில் பார்த்தாலும் விடுவதில்லை, நிற்கவைத்து வைகிறார். "என் வாயில என்னய்யா குறை கண்ட?" என்று நேற்றுக்கூட வெயிலில் நிறுத்திக் கேட்டார். அந்த மனிதர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாரே தவிர, உங்கள் பெயரைச் சொல்லவில்லை. அவருக்கு வயதாகிவிட்டது. இன்னொருவருக்குச் சேர வேண்டிய வசவை எத்தனை நாள் தாங்குவார்? உங்களுடையதை நீங்களே வந்து வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணா. நீங்கள் இங்கு வந்து பல வருடமாகிவிட்டது. அம்மா வைதால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு மறந்திருக்காது. வைது முடித்த கையோடு என்ன செய்வார் என்பதும் மறந்திருக்காது.

உங்கள் பதிலுக்கு முன்னால் நீங்களே வந்து நின்றாலும் கோபித்துக்கொள்ளாத,
தங்கை